இரண்டு டெய்லர்கள்

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கப்பா" என்று பேரவைச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது கவிதைப் பக்கங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. எங்கள் வகுப்பில் மட்டும் ஐந்து பேர் நிலாவைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தார்கள். எனக்குக் கவிதை வராது. "நீ மேனேஜ்மென்ட் பேப்பர்ல நல்ல மார்க்குதானே, அதைப் பத்தி எழுது" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்பு நண்பர்களே, பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்! ஃபயோலின் 14 கொள்கைகளை ஒப்பிக்கப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும், பரீட்சை முடிந்ததும் மறந்தும் போயிருக்கும். நான் எழுதப் போவது இரண்டு டெய்லர்களைப் பற்றி. ஒருவர் ஃபிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர், அமெரிக்கா. இன்னொருவர் என் அம்மா, முடிச்சூர். தாம்பரம் மெப்ஸ் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். அங்கே மிஷினில் உட்காருகிற எல்லோருக்கும் டெய்லர் என்றுதான் பெயர்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அம்மா ஐந்தாவது வரை. அதனால் நான் படிப்பதே வீட்டில் ஒரு நிகழ்ச்சி மாதிரி. சத்தம் போட்டுப் படித்தால்தான் படிக்கிறேன் என்று நம்புவார்கள். மேனேஜ்மென்ட் முதல் யூனிட்டை நான் சத்தமாகப் படித்தபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனி, 1899. ஒரு ஆள் ஒரு நாளைக்கு 12.5 டன் வார்ப்பிரும்புப் பாளம் தூக்கி வேகனில் ஏற்றிக்கொண்டிருந்தான். டெய்லர் வந்தார். எப்போது தூக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, வாட்ச்சைப் பிடித்து, அதே ஆளை 47.5 டன் தூக்க வைத்தார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. அறிவியல் மேலாண்மையின் பெரிய வெற்றி என்று நோட்ஸில் அடிக்கோடு போட்டிருந்தேன்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "வேல எத்தன மடங்கு ஆச்சு?"

"கிட்டத்தட்ட நாலு மடங்கும்மா."

"கூலி?"

கணக்குப் போட்டேன். ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே.

"அந்த ஆளு பேரு என்னடா?"

"டெய்லர்."

"எவன்டா அவன், எங்க பேரை வச்சிக்கினு!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் "அந்த டெய்லர்". டி.வி.யில் எந்த முதலாளி வந்தாலும் "அந்த டெய்லருக்குச் சொந்தக்காரனா இருப்பான்" என்பாள் அம்மா. ஒன்று சொல்ல வேண்டும், டெய்லர் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் மட்டும் எழுதியவர் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளை, ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தேறியும் போகாமல் பட்டறையில் அப்ரென்டிஸ் ஆனவர். மிட்வேல் ஸ்டீலில் நம்மைப் போலவே லேத் பிடித்தவர். தொழிலாளிகள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வதை அவர் கூடவே நின்று பார்த்தவர். அப்புறம் அவரே கங்காணி ஆனதும் அதே ஆட்களோடு கிட்டத்தட்ட மூன்று வருடம் சண்டை போட்டார். அந்தச் சண்டையிலிருந்துதான் ஸ்டாப் வாட்ச் யோசனை வளர்ந்தது. ஆளுக்கு ஆள் வாய்ச்சண்டை போடுவதை விட, ஒரு நாள் வேலை எவ்வளவு என்பதை வாட்ச்சே சொல்லட்டும் என்பது அவர் எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

அப்பாவுக்கு கில்பிரெத் கதையைச் சொன்னேன். அவரும் அந்தக் காலத்து ஆள்தான், கொத்தனாராகத் தொழிலைத் தொடங்கியவர். செங்கல் வைக்க 18 அசைவுகள் ஆவதைப் பார்த்து 5 ஆகக் குறைத்தார். சாரத்தை ஏற்றி இறக்கும்படி செய்து, கல்லைக் குனிந்து எடுக்காமல் இடுப்பு உயரத்தில் வைத்தார். மணிக்கு 120 கல் வைத்த இடத்தில் 350 கல் வைத்தார்கள் என்று டெய்லர் தன் 1911 புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அப்பா நெடுநேரம் யோசித்தார்.

"குனியாம வேல செஞ்சா முதுகு தப்பிக்கும். அது சரி. ஆனா 350 கல்லுன்னா, எடுத்து அடுக்கிக் குடுக்க எத்தன சித்தாளு?"

புத்தகத்தைப் புரட்டினேன். கூலி குறைவான ஆட்கள் கல்லைப் பார்த்துத் தரம் பிரித்து, நல்ல முகம் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கி வைத்தார்கள் என்று இருக்கிறது. அவர்களை யாரும் 350-ல் சேர்த்து எண்ணவில்லை. அப்பா சிரித்தார். அவ்வளவுதான், தூங்கப் போய்விட்டார்.

வெபரைப் பற்றி மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதிகாரவர்க்க அமைப்பு என்றாலே நமக்கு எரிச்சல்தான். படிவம், படிநிலை, முத்திரை. ஆனால் ஆள் முகத்தைப் பார்க்காமல் விதியைப் பார் என்பதுதான் அவர் விவரித்த அமைப்பின் மையம். கலந்தாய்வில் என் பெயரைக் கூப்பிட்டபோது என் அப்பா வெளியே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே யாரும் அவர் யார் என்று கேட்கவில்லை. மார்க், வரிசை எண், அவ்வளவுதான். அன்றைக்கு அந்த அலட்சியம் எனக்குப் பெரிய மரியாதையாகத் தெரிந்தது.

* * *

செமஸ்டர் லீவில் 2 வாரம் இன்-பிளான்ட் டிரெயினிங். பெருங்களத்தூரில் காலை ரயில் பிடித்து மறைமலை நகரில் இறங்கி நடக்க வேண்டும். ஃபோர்டு தொழிற்சாலை இருந்த ஊர். 1913-ல் ஹென்றி ஃபோர்டு அமெரிக்காவில் நகரும் அசெம்ப்ளி லைனைக் கொண்டுவந்து, பன்னிரண்டரை மணி நேரமாக இருந்த சேஸிஸ் வேலையை 93 நிமிடத்துக்கு இறக்கினார். அந்த வருடம் மட்டும் அங்கே 370 சதவீதம் ஆட்கள் மாறினார்கள்! அதாவது ஒரு இடத்தை நிரப்பி வைக்க வருடத்துக்கு மூன்று நான்கு பேரைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் 1914 ஜனவரியில் ஒரு நாளைக்கு 5 டாலர், 8 மணி நேரம் என்று அறிவித்தார். நல்ல மனசு என்று நோட்ஸில் இருக்கிறது. எனக்கென்னவோ ஆள் நிற்காததுதான் காரணம் என்று படுகிறது. நம் மறைமலை நகரிலோ ஆட்கள் நின்றார்கள், கம்பெனிதான் நிற்கவில்லை. 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. 2024 செப்டம்பரில் ஏற்றுமதிக்காக மறுபடி இயக்க விரும்புவதாக அரசுக்குக் கடிதம் கொடுத்தார்கள். சரி, இது வேறு கதை.

நான் போனது பெரிய கம்பெனி இல்லை. டூவீலருக்கு வயரிங் ஹார்னஸ் கட்டுகிற இடம். சாய்த்து வைத்த பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். அதுதான் போர்டு. வயர்களை ஆணி வரிசையில் ஓட்டி, கனெக்டர் மாட்டி, டேப் சுற்றிக் கழற்றினால் ஒரு பீஸ். 10 போர்டுகள், 10 அக்காக்கள். மதுராந்தகம், அச்சரப்பாக்கம் பக்கத்திலிருந்து கம்பெனி வண்டியில் வருகிறவர்கள். காலை 8.30 முதல் 5 மணி வரை. சாப்பாட்டுக்கு அரை மணி, இரண்டு டீ. ஆளுக்கு 125 பீஸ் டார்கெட். முடிக்காதவர்கள் இருந்து முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். 5.30-க்கு வண்டி கிளம்பிவிடும். அதை விட்டால் சொந்தக் காசில் பஸ்.

முதல் வாரம் சும்மா சுற்றினேன். அப்போது கண்ணில் பட்ட ஒரு விஷயத்தை அன்றைக்குப் பெரிதாக நினைக்கவில்லை. 4-ம் போர்டில் இருந்தவர் எல்லோரிலும் மூத்தவர். சின்ன கனெக்டரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் மாட்டுவார். அவரால் தனியாக 110-ஐத் தாண்ட முடியாது. 7-ம் போர்டு அக்கா சரியான வேகம். அவர் தன் 125-ஐச் சீக்கிரமாக முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே 4-ம் போர்டுக்குப் போய் டேப் சுற்றிக் கொடுப்பார். பேசிக்கொண்டே நடக்கும். சூப்பர்வைசருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். 5.30 வண்டியில் 10 பேரும் ஏறிப் போவார்கள்.

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை இன்ஜினீயர் சார் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஒர்க் ஸ்டடி படிச்சிருக்கல்ல? இந்த லைனுக்கு டைம் எடுத்துக் கொடு. நேரமே கிடைக்கல." கையில் கிளிப் போர்டு, ஸ்டாப் வாட்ச். நண்பர்களே, பொய் சொல்ல மாட்டேன், மிதந்துகொண்டு போனேன். நம்மையும் ஒருத்தர் இன்ஜினீயராக மதிக்கிறாரே!

யாரை எடுப்பது? நன்றாகச் செய்கிறவரை எடுப்பதுதான் முறை என்று நானே முடிவு செய்துகொண்டு 7-ம் போர்டுக்குப் போனேன். "அக்கா, சும்மா டைம் பாக்கறேன், நீங்க எப்பவும் போல செய்யுங்க." அந்த அக்கா சிரித்துக்கொண்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். 10 ரீடிங் எடுத்தேன். சராசரி 150 செகண்ட். படிவத்தில் ரேட்டிங் என்று ஒரு கட்டம் இருந்தது. அதாவது, நாம் பார்க்கிற ஆள் சாதாரண வேகத்தில் செய்கிறாரா, கூடவா, குறைவா என்று பார்த்து எண் போட வேண்டும். சாதாரணம் என்றால் 100. மணிக்கு 6.4 கிலோ மீட்டர் நடக்கிற ஆளின் வேகம் 100 என்று உதாரணம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஹார்னஸ் கட்டுகிற கைக்கு அது எப்படிப் பொருந்தும்? தெரியவில்லை. தெரியாததால் 100 என்று எழுதிவிட்டேன். களைப்பு, தண்ணீர், பாத்ரூம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 சதவீதம் கூட்டினேன். 172.5 செகண்ட். வேலை நேரம் ஏழரை மணி. வகுத்தால் 156 பீஸ்.

புதன்கிழமை காலை போர்டில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 155.

* * *

அன்றைக்கு என்ன நடந்தது என்று விவரிக்க வேண்டியதில்லை. டீக்கு எழுந்தவர்கள் நின்றபடி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். சாப்பாட்டை 10 நிமிடத்தில் முடித்தார்கள். 7-ம் போர்டு அக்கா 155-ஐத் தொட 5 மணி ஆகிவிட்டது, 4-ம் போர்டுக்குப் போக நேரமே இல்லை. மூத்த அக்கா தனியாக 108. வண்டி போய்விட்டது. இன்னும் மூன்று பேரும் வண்டியை விட்டார்கள்.

ஆனால் என்னை உறுத்தியது அது மட்டுமில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் 7-ம் போர்டு அக்கா தூக்கை எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்துக்குப் போனார். வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. "வாட்ச்சுக்கு ஆடிக் காட்டினவளுக்கு எங்க சோறு எதுக்கு?" என்று ஒரு குரல். அவர் ஒன்றும் பேசாமல் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். எண்ணை எழுதிக் கொடுத்தது நான். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தம்பி, சாப்ட்டியா?" என்று கூடக் கேட்டார்கள்.

இரவு வீட்டில் சொன்னேன். முழுதாகச் சொல்ல எண்ணமில்லை, பாதியில் நிறுத்த முடியவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். சோறு போடுகிற கை அப்படியே நின்றுவிட்டது.

"நீ வாட்ச் புடிச்சியாடா?"

"டிரெயினிங்மா. சார் சொன்னாரு…"

"எங்க லைன்லயும் வருவானுங்க, உன்ன மாதிரி சட்டைய உள்ள விட்டுக்கினு. அவன் தலை தெரிஞ்சாலே நாங்க மிதியக் கொறச்சிருவோம். நூலு அறுந்தா மாதிரி ரெண்டு தரம் நிறுத்துவோம். புதுசா வந்த பொண்ணுங்களுக்கு மொத நாளே அதத்தான் சொல்லிக் குடுப்போம். அந்தப் பொண்ணு உன்னக் கம்பெனி ஆளா நெனைக்கல. படிக்கிற புள்ள, நல்லாச் செஞ்சு காட்டணும்னு செஞ்சிருக்கா."

டெய்லர் மிட்வேலில் மூன்று வருடம் சண்டை போட்டது இதோடுதான். அவர் அதைச் சோம்பல் என்றே எழுதவில்லை. வேகமாகச் செய்தால் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயத்தால் யோசித்துச் செய்வது என்று அவரே ஒத்துக்கொள்கிறார். என் அம்மாவுக்கு அது தொழில் ரகசியம்.

அப்புறம் ஒரு கூத்து நடந்தது. சாப்பிட்டு முடித்ததும் அம்மா வீட்டிலிருக்கிற பழைய தையல் மிஷினை இழுத்துப் போட்டாள். "எடு வாட்ச்ச." கிழிந்த தலையணை உறையை வைத்து ஒரே நீளத்துக்கு மூன்று முறை தைத்தாள். "இது ஆளு பாக்கறப்ப தைக்கறது. இது நாள் பூரா தைக்கறது. இது நாளைக்குத் தீபாவளின்னா தைக்கறது." மூன்றுக்கும் நான் எண் போட வேண்டும். முதலில் எல்லாமே எனக்கு ஒன்றாகத் தெரிந்தது. "கையப் பாக்காதடா, தோளப் பாரு. தோளு தூக்கினு இருந்தா அது நாள் பூரா தாங்காது." பத்துப் பதினைந்து தரம் ஆனதும் கொஞ்சம் பிடிபட்டது. அப்பா இடையில் எழுந்து "ராத்திரி பதினோரு மணிக்கு என்னா டெய்லர் கடை?" என்று கத்தினார்.

7-ம் போர்டு அக்காவின் தோள் எனக்கு நினைவுக்கு வந்தது. தூக்கியேதான் இருந்தது. குறைந்தது 120 போட்டிருக்க வேண்டும். 150 செகண்ட் என்பது 180 ஆகும். 15 சதவீதம் கூட்டினால் 207. ஏழரை மணிக்கு 130 பீஸ். பழைய டார்கெட் 125! வாட்ச்சே இல்லாமல் யாரோ பழைய சூப்பர்வைசர் கண்ணால் பார்த்துப் போட்ட எண், என்னுடைய கணக்கை விட உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

* * *

டிரெயினிங் முடிந்த பிறகு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து நோட்ஸில் இல்லாத பாதியைத் தேடிப் படித்தேன். ஒழுங்கு கருதி அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாமெல்லாம் ஹாத்தார்ன் சோதனை என்று ஒரு பக்கம் எழுதுவோம். சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தொழிற்சாலை, 1924 முதல் 1932 வரை. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. குறைத்தார்கள், அப்போதும் கூடியது. பிறகு ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்கார வைத்து டெலிபோன் ரிலே கட்ட வைத்தார்கள். இடைவேளை கொடுத்தார்கள், நேரத்தைக் குறைத்தார்கள், உற்பத்தி ஏறியது. எல்லாவற்றையும் திரும்பப் பிடுங்கிய பிறகும் பெரிதாக இறங்கவில்லை. கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வுதான் காரணம், மனிதன் மிஷின் இல்லை என்று எல்டன் மேயோ வழியாக உலகம் தெரிந்துகொண்டது. 14 மார்க்.

நோட்ஸில் இல்லாதது: அந்த ஐந்து பேரில் இரண்டு பேரை 1928 ஜனவரியில் மாற்றிவிட்டார்கள், வேலையின்போது அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று. கூலியும் அந்தச் சின்னக் குழுவின் உற்பத்திக்கு ஏற்ற மாதிரி மாற்றப்பட்டிருந்தது. கவனிப்பு, கவனிப்பு என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் சத்தமாகச் சொல்வதில்லை. கவனிப்பால் வேகம் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. 7-ம் போர்டில் கண்ணால் பார்த்தேனே! கூடின வேகத்தை அப்படியே டார்கெட் ஆக்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் 14 மார்க்குக்குக் கேட்பதில்லை.

அதே தொழிற்சாலையில் 1931-32-ல் 14 ஆண்களை இன்னொரு அறையில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு. அதைத் தாண்டி ஓடுகிறவனுக்குப் பட்டப் பெயர், தோளில் ஒரு குத்து. ரொம்பக் குறைவாகச் செய்கிறவனுக்கும் ஒரு பட்டப் பெயர். படித்தபோது ஜன்னலோரத் தூக்குதான் கண்ணில் நின்றது.

ஸ்டாப் வாட்ச்சுக்கே ஒரு ஸ்டிரைக் நடந்திருக்கிறது, தெரியுமா? 1911 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்புக்காரர்கள் வாட்ச்சைப் பார்த்ததும் வேலையை விட்டு வெளியே போனார்கள். நாடாளுமன்றக் குழு டெய்லரையே கூப்பிட்டு விசாரித்தது. 1915-ல் அரசுப் பணத்தில் ஸ்டாப் வாட்ச் வைத்து நேரம் எடுக்கக் கூடாது என்று தடையே வந்தது.

நம் சென்னையும் பின்னால் இல்லை. எங்கள் சார் ஒருநாள் பாடத்துக்கு நடுவே சொன்னார்: பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில்லில், நாம் பி அண்டு சி மில் என்போமே, அங்கே சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் என்பது தொழிலாளிகளின் பெரிய குறைகளில் ஒன்று. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததற்குப் பின்னால் அந்தச் சாப்பாட்டு நேரமும் இருந்தது. பி.பி. வாடியா தலைவர், பின்னால் திரு.வி.க. அந்தச் சங்கத்தோடு நின்றார். 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு. இதே மில் தொழிலாளிகளுக்குக் குடியிருப்பும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கட்டியதற்காகப் பேர் வாங்கியதும் உண்டு. ஒரே மில்லில் இரண்டு யூனிட்டும் இருந்திருக்கிறது. 1996-ல் மூடிவிட்டார்கள்.

நூலகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அகமதாபாத் கதை. 1953, காலிகோ மில். தானியங்கித் தறி போட்டும் உற்பத்தி சரியாக வரவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ.கே. ரைஸ் என்பவர் வந்து பார்த்தார். தறிகள் புதுசு, நேரம் எல்லாம் அளந்து ஆளுக்கு ஒரு துண்டு வேலை பிரித்திருக்கிறார்கள். ஆனால் யாரும் யாரோடும் சேர்ந்தவர் இல்லை. ஒரு கூட்டத் தறிகளை ஒரு குழுவிடமே விட்டுவிட்டால் என்ன என்று பேச்சு வந்ததும், தொழிலாளிகளே தங்களுக்குள் குழு பிரித்துக்கொண்டார்கள். யாருக்கு யார் உதவுவது என்பதை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். உற்பத்தி ஏறியது, துணிச் சேதம் குறைந்தது. இங்கிலாந்திலிருந்து ஆள் வந்து புத்தகம் எழுதிய அந்த விஷயத்தை, 7-ம் போர்டும் 4-ம் போர்டும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்துகொண்டிருந்தார்கள். என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மாஸ்லோவின் பிரமிடைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்காதீர்கள். 1943-ல் அவர் எழுதிய கட்டுரையில் பிரமிடு படமே கிடையாது. அதை வரைந்து தொலைத்தது வேறு யாரோ, மார்க் வாங்குவது நாம்.

* * *

விட்ட இடத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை இன்ஜினீயர் சாரிடம் போய் நின்றேன்.

"சார், நான் எடுத்த டைம் தப்பு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்க தப்பு?"

"ரேட்டிங் போடல சார். 120 போட்டிருக்கணும்."

"120-னு உனக்கு எப்படித் தெரியும்?"

நண்பர்களே, அந்த நேரத்தில் புத்தகம், ஆசிரியர், பக்க எண் எதுவும் ஞாபகம் வரவில்லை. "எங்கம்மா டெய்லர் சார்" என்றேன்.

சிரிப்பார், இல்லை கத்துவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "சரி வா" என்று எழுந்தார். மத்தியானம் மூன்று போர்டுகளில் டைம் எடுத்தோம், தூரத்தில் பேக்கிங் மேசைக்குப் பின்னால் நின்று. 4-ம் போர்டு அக்கா 230 செகண்ட், இருவரும் பேசி 80 போட்டோம். 184 வந்தது. 9-ம் போர்டு 190, ரேட்டிங் 95. 181 வந்தது. 7-ம் போர்டு எனக்கு முன்பே தெரிந்த 180. வேகமான கையும் மெதுவான கையும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. ரேட்டிங் சரியாக இருந்தால் அப்படித்தான் வர வேண்டும் என்று படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். டெய்லரை முழுசாகத் திட்டவும் எனக்கு மனசு வராமல் போனது அந்த மத்தியானத்தால்தான்.

4-ம் போர்டு, 7-ம் போர்டு உதவியைப் பற்றியும் சொன்னேன். "தெரியும்பா. அதை எந்தக் காகிதத்துல எழுதறது?" என்றார்.

மாலையில் போர்டில் 155 அழிக்கப்பட்டு 140 எழுதப்பட்டது. "130-னு போட்டா மேல ஒத்துக்க மாட்டாங்க தம்பி. ஏத்துனத இறக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்கு இன்னும் தெரியாது."

சனிக்கிழமை கடைசி நாள். 7-ம் போர்டு அக்கா 140-ஐ முடித்துவிட்டு எழுந்து 4-ம் போர்டுக்குப் போனார். நேரம் கம்மி, ஏழெட்டு பீஸுக்குத்தான் டேப் சுற்ற முடிந்தது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மூத்த அக்கா டேப் ரோலை மட்டும் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். சாப்பாட்டு வட்டத்தில் இடம் விட்டார்களா என்று பார்க்க வாய்ப்பில்லை, அன்றைக்கு எனக்கு ஆபீஸில் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது அந்த அக்காவிடம் போய், "சாரிக்கா" என்றேன். "நீ என்னா பண்ணுவ? படிச்சு பெரிய ஆளா வா" என்றார். வேறு ஏதாவது திட்டியிருந்தால் பரவாயில்லை.

கடந்த மாதம் கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு கம்பெனியில் தேர்வாகியிருக்கிறேன். ஜூலையில் சேர வேண்டும். அப்பா லட்டு வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். ஆர்டரில் டிரெயினி, இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் என்று போட்டிருக்கிறது. அம்மா அதைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மிஷின் மேலிருந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "ஜூலைக்கு இன்னும் நாளிருக்கு, உக்காரு" என்றாள். இப்போது வாரத்தில் இரண்டு ராத்திரி வாட்ச் பிடிக்கிறேன். நேற்று 115 என்று சொன்னதற்கு, "அது 105-டா, தோளப் பாரு" என்று திட்டு வாங்கினேன்.